ஏழாவது பிரஸ்ஸின் அறை

கோப்பின் அளவு குறையவே இல்லை.

ஏழாவது பிரஸ்ஸின் தரவை ஷாரோன் நேற்றே அழித்துவிட்டாள். அப்படியும் கோப்பு பழைய கனத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. கோளாறு எங்கே என்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அவளே சி மொழியில் எழுதிய புரோகிராம் ஆயிற்றே. இரும்புத் தகடு அழுத்தும் ஒவ்வொரு பிரஸ்ஸின் அடித்தட்டிலும் வரிசை வரிசையாகப் பதித்த சென்சார்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பும் அழுத்த அளவுகளை, பிரஸ்ஸுக்கு ஓர் அறை என்று பிரித்து ஒரே ராட்சதக் கோப்பில் அது சேமிக்கும். அழி என்றால் அறையின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றும். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். மற்ற அறைகளைப் புதுக் கோப்புக்கு மாற்றிவிட்டுப் பழையதை ஒழித்தால்தான் ஒழியும்.

அதற்காகத்தான் ஆயுத பூஜையன்று பட்டப்பகலில் ஒரகடம் ஃபேக்டரிக்கு வந்திருந்தாள். "எங்க ஆளுங்க இன்னிக்கு எதையும் தொட மாட்டாங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் கிடையாதேம்மா," என்று போனில் சிரித்தார் மேனேஜர் சிவசங்கர். "லீவு முடிஞ்சதும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. முடிச்சுடுங்க, உங்க வேலை கன்ஃபர்மேஷன் என் பொறுப்பு."

கேட்டில் காவலாளி நாகப்பன் முகம் சுளித்தார். "இன்னாம்மா, இன்னிக்குப் போயி வேலைன்னு வந்துகிற? லைன் ஃபுல்லா கரண்ட் ஆஃப் பண்ணி கீது."

"கம்ப்யூட்டர் வேலைதாண்ணா. இதோ முடிச்சுட்டு ஓடிடுவேன்."

சோதனை அறையின் கண்ணாடிக்கு அப்பால், கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்ட பிரஸ்கள் அரையிருட்டில் நின்றன. கற்பூரமும் உடைத்த பூசணிக்காயும் எந்தக் கழுவலுக்கும் போகாத எண்ணெயும் கலந்து ஒரு வாடை, கதவைச் சாத்திய பிறகும் வந்துகொண்டே இருந்தது. போன மாதம் ஆபரேட்டர் எல்லப்பன் கையை உள்ளே விட்டிருந்தபோது, யாரும் பட்டனை அமுக்காமலே ஏழாவது பிரஸ் இறங்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ஆள் போய்விட்டார். அவர் அஜாக்கிரதை என்றது நிர்வாகம். மனைவி பாஞ்சாலி கேஸ் போட்டிருந்தாள். அவள் பக்கம் சொல்ல இருந்த ஒரே சாட்சி இந்தத் தரவுதான். ஷாரோனுக்கு அது தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. வேலையும் வேண்டியிருந்தது.

மாற்றும் வேலையை ஓடவிட்டாள். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், வாடை பொறுக்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திரையில் புதுக் கோப்பு வளர்ந்துகொண்டே போனது. பழையதன் அளவைத் தொட்டது. தாண்டியது.

ஓர் அறை குறைய வேண்டிய கோப்பு எப்படிப் பெருக்கும்? உள்ளே திறந்து பார்த்தாள். பெயரில்லாத ஓர் அறை. அதில் தரவு வந்து விழுந்துகொண்டிருந்தது. நேரம், இந்த நொடி.

லைனில்தான் கரண்டே இல்லையே. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு விளக்குகூட எரியவில்லை.

அந்த அறையில் கடைசியாக விழுந்த தரவைப் படமாக வரையச் சொன்னாள். ஒரு சென்சாருக்கு ஒரு புள்ளி. அழுத்தம் விழுந்த இடம் கறுக்கும். மேலிருந்து வரிவரியாகப் படம் வந்தது. ஐந்து விரல். உள்ளங்கை. மணிக்கட்டு.

எல்லப்பனின் கை. போன மாதத்துத் தரவுதான், எங்கேயோ கலந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. எல்லப்பனுடையது முறம் மாதிரி அகலமான கை. இது சின்னது. இடது கை.

அவளுடைய இடது கை மேஜைமேல் இருந்தது.

சுண்டுவிரலைத் தூக்கினாள். படத்தில் சுண்டுவிரல் வெளுத்தது. வைத்தாள். கறுத்தது.

வலது கையால் வேலையை நிறுத்தினாள். நின்றது. பெயரில்லாத அறை மட்டும் நிற்கவில்லை.

"வேணாண்ணா," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "எல்லப்பண்ணா, அழிக்கல. பாஞ்சாலி அக்கா கையிலயே குடுத்துடறேன். சத்தியமா."

படத்தின் ஓரத்தில் எண்கள் ஏறின. பத்து கிலோ. முப்பது. எழுபது. மேஜைமேல் ஒன்றுமே இல்லை. விரல் நுனிகள் மட்டும் சிவந்து, பிறகு வெளிறின. கையை இழுத்தாள். வரவில்லை. வலது கையால் மணிக்கட்டைப் பிடித்து, காலால் மேஜையை உதைத்து இழுத்தாள்.

வரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால், கரண்ட் இல்லாத ஏழாவது பிரஸ்ஸின் மேல்தட்டு பூவும் பொட்டுமாக, துளிச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.