வழிபாட்டு நேரத்தில் சத்தம் கூடாது

காலை 6.45. வழிபாட்டு நேரம் முடிந்து உள்ளறைக் கதவின் பூட்டு தானாக விலகியது. கூட்டிக் கழுவ வரும் வாசல் அக்கா கதவை உள்ளே தள்ளினாள். பாதிக்கு மேல் போகவில்லை. மன்றத் தலைவரான பெரியவரின் உயிரற்ற உடம்பு தடுத்தது.

7.50. மென்பொருள் நிறுவனத்துச் சோதனைக்காரி வந்து சேர்ந்தபோது, இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது அவளுடைய அறிக்கைதான். அந்த வழிபாட்டு மன்றத்தின் கதவையும் தீயணைப்பையும் ஓட்டும் மென்பொருளுக்குத் தரச்சான்று கொடுத்தவள் அவள். உள்ளறையில் பழைய ஏடுகள் இருந்ததால் தீயை அணைக்கத் தண்ணீர் கிடையாது, ஆள் இருந்தால் மூச்சை அடைத்துவிடும் வாயுதான். புகை வந்து, அறையில் ஆள் இல்லையென்றால் மென்பொருள் வாயுவைத் திறக்கும். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கக் கூரையில் ஒரு கருவிக்கண். அதற்கு அசைவு மட்டும்தான் தெரியும்.

“சாம்பிராணிப் புகையில அசையாம தியானம் பண்ணினவரை ஆளே இல்லைன்னு நெனச்சு வாயுவைத் திறந்துருச்சு உங்க மிஷின்,” என்றார் இன்ஸ்பெக்டர். “கையெழுத்து உங்களோடது. சாயங்காலத்துக்குள்ள ஜெயிலுக்குப் போகத் தயாரா இருங்க.”

 இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று முன்பே எழுதிக் கொடுத்தவளே அவள்தான். நிர்வாகம் பார்க்கும் சின்னவர், பெரியவரின் தம்பி, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று கிடப்பில் போட்டார். அவளும் தலையாட்டிவிட்டுச் சான்று கொடுத்தாள். நடந்ததைக் காட்டப் பதிவும் கிடையாது. வழிபாட்டு நேரத்தில் நடப்பது எதுவும் பதிவாகக் கூடாது என்பது மன்றம் எழுதிக் கொடுத்த தரவிதி.

உள்ளறைக்குள் கதவுக்கு மேலிருந்த சின்னச் சிவப்பு விளக்கை அண்ணாந்து பார்த்தாள். எரியவில்லை. யாராவது அதைத் தொட்டார்களா என்று கேட்டாள். ஏணி இல்லாமல் எட்டாது என்றார் இன்ஸ்பெக்டர்.

8.20. வழிபாட்டு நேரத்தில் கீழ்த்தளத்தில் பெரியவரைத் தவிர இருந்தது இரண்டே பேர். முற்றம் கழுவிக்கொண்டிருந்த வாசல் அக்கா, எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றாள். அவளுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றது அரைகுறை. கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே எழுதினார்.

இன்னொருவர் சின்னவர். தனக்குப் பின் தலைமை தம்பிக்கு இல்லை என்று பெரியவர் போன மாதம்தான் அறிவித்திருந்தார். நான்கு நாள் வெளியூர் போயிருந்த சின்னவர் திரும்பியது நேற்று மாலை. இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருந்தார்.

“சைரன் கேட்டு ஓடி வந்தேன். கதவு பூட்டியிருந்துச்சு. கைப்பிடியைப் பிடிச்சு உசுரைக் கொடுத்து இழுத்தேன். கை கிழிஞ்சதுதான் மிச்சம்.”

“சைரன் எவ்வளவு நேரம் அடிச்சுது?” என்று கேட்டாள் சோதனைக்காரி.

“அரை நிமிஷம். வாயு தானா திறந்தா முதல்ல அதானே அடிக்கும்?”

“முன்னாடி அப்படித்தான் அடிக்கும். நீங்க ஊருக்குப் போற வரைக்கும்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். மூன்று நாளுக்கு முன் பெரியவர் கூப்பிட்டு, வழிபாட்டு நேரத்தில் சத்தம் கூடாது என்று தரவிதியைக் காட்டினார் என்றாள் அவள். அன்றே அந்த நேரத்துக்கு மட்டும் சைரனை நிறுத்தி, பதிலுக்குச் சிவப்பு விளக்கை வைத்தாள். ஒருமுறை எரிந்தால் அவள் வந்து அணைக்கும் வரை அது எரியும்.

“அக்கா சொன்னதுதான் நிஜம். சத்தமே இல்ல. விளக்கும் எரியல. அப்போ வாயுவைத் திறந்தது மென்பொருள் இல்ல. கதவுக்குப் பக்கத்து அலமாரியில அவசரத்துக்கு வாயுவைத் திறக்க ஒரு பிடி இருக்கு. அதைக் கையால இழுத்தா சைரனும் கிடையாது, விளக்கும் கிடையாது.” சின்னவர் பக்கம் திரும்பினாள். “இந்தக் கதவு உள்பக்கமாத் திறக்கும். திறக்கணும்னா தள்ளணும். நீங்க ஏன் இழுத்தீங்க?”

பதிலை அவளே சொன்னாள். உள்ளே ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் சற்று நேரத்துக்குப் பூட்டு விலகும். பெரியவர் அழுத்தியிருக்கிறார், விலகியிருக்கிறது. அவர் உள்ளிருந்து இழுக்க, இவர் வெளியிலிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறார், உள்ளே சத்தம் அடங்கும் வரை.

“ரொம்ப நேரம் இழுத்தாரு,” என்றார் சின்னவர், அண்ணன் மேல் குறை சொல்வதுபோல. “அந்த வயசுல அவ்வளவு பலம் இருக்கும்னு நான் நெனைக்கல.”

9.10. இன்ஸ்பெக்டர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையாதவரைத் தெரியாத கருவிக்கண். சத்தம் போடாத சைரன். கண்ணை மூடியிருப்பவருக்குச் சிவப்பு விளக்கு. மூன்றுக்கும் சான்று கொடுத்தவள் அவள்.

சின்னவர் அவசரப்பட்டுவிட்டார். கொஞ்ச நாள் பொறுத்திருந்தால், புகை சற்றுக் கூடிய ஏதோ ஒரு காலையில், அவளுடைய மென்பொருளே அவர் அண்ணனைக் கொன்றிருக்கும், தரவிதிப்படி, சத்தமில்லாமல்.