குடுவையில் அரைமணி நேரம்

"அதைக் கொன்னுட்டீங்க."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனாலேயே பெர்த்ரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதை?"

"என் வைனை..."

அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. மழைக்கு ஒதுங்கியவள் மாதிரிதான் அவன் சாப்பாட்டுக்கடைக்குள் வந்தாள். சனிக்கிழமை, மதியக் கூட்டம் கலைந்த நேரம். குடை இல்லை. கம்பளிச் சால்வைக்குள் எதையோ குழந்தையைப் போல அணைத்திருந்தாள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி... அதற்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள். கரோன் ஆற்றின் மேல் மழை திரளும்போது வானத்துக்கு வருமே, அந்த நிறம்.

சால்வைக்குள்ளிருந்து வந்தது ஒரு பாட்டில். பெயர்ச்சீட்டு இல்லை. "நானே கொண்டுவந்தது... திறந்து தருவீங்களா?" என்று கேட்டாள். பாட்டிலின் சரிந்த தோளைப் பார்த்ததும் அது பர்கண்டிப் பக்கத்து வைன் என்று அவனுக்குத் தெரிந்தது. மிகப் பழசு என்பதைத் தூசி சொன்னது. பழைய வைனுக்குப் போர்தோவில் என்ன மரியாதை உண்டோ, அதைத்தான் செய்தான். மெழுகுவத்தி ஏற்றி, அதன் வெளிச்சத்தில் வண்டல் கலக்காமல், கண்ணாடிக் குடுவையில் மெல்ல மெல்ல ஊற்றினான். அவன் அப்பா அப்படித்தான் ஊற்றுவார்.

"மதாம், பழைய வைனை நாங்க குடுவையிலதான்..."

"நீங்க செய்வீங்க. உங்க வைன் தடியன், தாங்கும். எங்களுது தாங்காது, முசியே. முப்பத்தாறு வருஷம் மூச்சடக்கிக் கிடந்தது. திடீர்னு காத்துல இறக்கிவிட்டா அரைமணி நேரம்தான் உசுரு. எங்க பக்கத்துல பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும்."

"எங்க பக்கத்துல பச்சைக் குழந்தைக்கு வைன் குடுக்கறதில்லை."

சொல்லியிருக்க வேண்டாம்... வாய் முந்திக்கொண்டது.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவன் அக்கா சிமோனின் தலை நீண்டது. "டேய், மன்னிப்புக் கேட்டுத் தொலையேன்."

"மரியாதை செஞ்சதுக்கா?"

"இவன் எங்கப்பா ஜாதி, மதாம். தப்புப் பண்ணிட்டா மன்னிப்புக் கேக்க வராது. வேற பாட்டில் திறக்கத்தான் வரும்."

உண்மையில் அவன் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தான். காது சிவந்தது. "எங்க நிலவறையில உங்களுக்கு எது பிடிக்குதோ..."

"இதுக்குப் பதில் கிடையாது, முசியே."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ரெண்டு கிளாஸ் கொண்டாங்க. என்னால அரைமணியில இத்தனையும் குடிக்க முடியாது. வீணாப் போகவும் விடமாட்டேன்."

"ரெண்டாவது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கொன்னவர் காரியத்துக்காவது இருக்க வேண்டாமா?"

சிமோன் சிரித்துவிட்டாள். காட்டுக்காளானைப் பூண்டோடு வதக்கி ஒரே தட்டில் இருவருக்கும் வைத்துவிட்டு, தம்பியின் முதுகில் ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள்.

பெர்த்ரான் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இவ்வளவு வெளுப்பா? இங்கே இதை வச்சா தண்ணி கலந்துட்டான்னு என்னை அடிக்க வருவாங்க."

"உங்க ஊர் வைனை எங்கப்பா மைக்கூடுன்னு சொல்லுவார். குடிங்க."

குடித்தான்... உடனே இன்னொரு வாய் எடுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. ரோஜா மாதிரி... யாரோ புத்தகத்துக்குள்ள வச்சு மறந்த ரோஜா."

அவள் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். 'இந்த மைக்கூட்டு ஊர்க்காரனுக்கு இது எப்படித் தெரிந்தது?'

"இப்போ ரோஜா. இன்னும் பத்து நிமிஷத்துல ஈர இலை. அப்புறம்..." முடிக்கவில்லை.

"போர்தோவுக்கு ஏன் வந்தீங்க? வைன் குடிக்க உங்க பக்கத்து ஆளுங்க இங்கே வந்து நான் பார்த்ததே இல்லை."

"அதுக்காகத்தான் வந்தேன். தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இருக்காதே."

கைப்பையைத் திறந்து, கம்பி கோத்த ஒரு சின்ன அட்டையை மேசைமேல் வைத்தாள். பாட்டில் கழுத்தில் தொங்கியிருக்க வேண்டியது. இன்று காலை ரயிலில் அவளே அவிழ்த்தது. பழுப்பேறிய மையில் இரண்டே சொல்: *ஒதீல் கல்யாணத்துக்கு.*

பெர்த்ரானின் கையிலிருந்த கிளாஸ் மேசைக்கு இறங்கியது.

"பிறந்த வருஷத்து வைனை எடுத்து வைக்கற வழக்கம் உங்க பக்கத்துலயும் இருக்குமே. அப்பா எனக்கு ஆறு வச்சார். முதல் நற்கருணைக்கு ஒண்ணு, பரீட்சை தேறினதுக்கு ஒண்ணுன்னு அஞ்சு போச்சு. இது கடைசி. ரெண்டு வருஷம் முன்னாடி தேதி குறிச்சு, கோயிலுக்குப் பூ வரைக்கும் சொல்லியாச்சு... மாப்பிள்ளை மனசு மாறிட்டார். வசந்தத்துல அப்பாவும் போயிட்டார். இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள். அங்கே திறந்தா, 'யார்கூடக் குடிக்கறே ஒதீல்?'னு தெருவே கேக்கும். தெரியாத ஊர்ல ஒரு வாய் குடிச்சிட்டு, கல்யாண ஆசையையும் இங்கேயே இறக்கி வச்சிட்டு, நாலரை மணி ரயிலுக்குப் போயிடலாம்னு வந்தேன். அவ்வளவுதான்."

வெளியே மழை கல் பாவிய சந்தில் சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. பெர்த்ரான் அந்த எழுத்துக்களையே பார்த்தான். மரியாதை என்றானே... எதற்கு யார் செய்யும் மரியாதை? யாரைக் கேட்டுக்கொண்டு செய்தான்?

"மன்னிச்சிடுங்க," என்றான்.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

ஒதீலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டவும் தயங்கி, மடியில் வைத்துக்கொள்ளவும் தெரியாமல், பாதி வழியில் பிடித்துக்கொண்டிருந்தான். அவளே வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பேச்சு எப்படி ஓடியது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவள் அவன் பெயரைக் கேட்டது, அவள் அப்பா திராட்சைக் கொடிகளோடு சண்டை போட்டது, அவன் பதினாறு வயதில் குடுவை உடைத்துவிட்டு ஆற்றங்கரையில் ஒளிந்தது... ஈர இலை வந்தது, போனது. மூன்றரை மணிக்கு அவள் கடைசி வாயைக் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"முடிஞ்சிருச்சு. இனி ஒண்ணுமில்லை."

எழுந்தாள். சால்வையைச் சுற்றிக்கொண்டாள். அட்டையைப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை வந்துவிட்டாள்.

"நில்லுங்க." பெர்த்ரான் பின்னாலேயே வந்திருந்தான். "நான் கேட்ட மன்னிப்புல பாதி பொய்."

அவள் திரும்பினாள்.

"வைனுக்காக வருத்தப்படறேன். அது சத்தியம். ஆனா நான் ஊத்தாம இருந்தா, நீங்க மூலையில தனியா ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, மிச்சத்தை மூடி எடுத்துட்டுப் போயிருப்பீங்க. எதிர்ல உக்காருன்னு என்னைச் சொல்லியிருக்கவே மாட்டீங்க. அதுக்கும் வருத்தப்படணும்னு அரைமணியா பார்க்கறேன்... வரவே இல்லை. உங்களை ரயிலேத்த எனக்கு மனசும் இல்லை."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள். ஒரு டாக்ஸி வந்தது... போனது. அவள் கை நீட்டவில்லை.

"இறக்கி வைக்கத்தான் வந்தேன்," என்றாள் மெதுவாக. "எங்கே விட்டீங்க நீங்க... நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"நாளைக்கு ஞாயிறு. திறக்கமாட்டோம்."

"நல்லதாப் போச்சு," என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு, பெர்த்ரான். வைனைச் சொல்லலை."