இடம் மாறிய கூட்டல் குறி

திங்கள், காலை 9.10. ஆர்வோ கின்னுனெனின் இடுப்பில் பாயவேண்டிய கதிரைக் கடைசி நொடியில் நிறுத்தினாள் மார்சி. மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குபவள் அவள்தான்.

புற்று எலும்புவரை பரவிக் கிழவரைத் தூங்கவிடாமல் வதைத்தது. நோயை ஒழிக்க அல்ல, வலியை அடக்கத்தான் இந்த ஐந்து நாள் வைத்தியம். இடுப்போரம் எலும்பு முட்டும் இடத்தில் பேனாவால் கூட்டல் குறி போட்டு, மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருந்தார்கள். வியாழனும் வெள்ளியும் எல்லாம் சரி. இன்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குறி எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. பார்க்காமல் விட்டிருந்தால் கதிர் நோயுள்ள எலும்பில் படாமலே போயிருக்கும்.

"ரோண்டா வேலைதான் இது!" மகள் அய்லா பொரிந்தாள். வீட்டில் அவளும் அப்பாவும் மட்டுமே. "சனிக்கிழமை நர்சிங் ஏஜென்சியிலருந்து அப்பாவுக்கு உடம்பு தொடைக்க வந்தா. தேய்ச்சு அழிச்சுட்டு அவளே வரைஞ்சிருக்கா. இனி எங்கயும் வேலை பாக்க விடமாட்டேன்."

சொன்ன கையோடு வெளியே போய் ஏஜென்சிக்குப் போன் செய்துவிட்டும் வந்தாள்.

மார்சி டேப்பையே பார்த்தாள். அதனடியில் நகத்தளவு பச்சை இலைத் துணுக்கு. வெளியே இடுப்பளவு பனி.

"ரோண்டா எப்படித் தொடைப்பா?"

"படுக்க வச்சுத்தான். உக்காந்தா உயிர் போகுதே."

"சௌனாவுக்கு, நீராவிக் குளியலுக்குப் போனீங்களா?"

"மூணு மாசமா அந்தப் பக்கமே போகல," அய்லா முந்திக்கொண்டாள். கிழவர் கூரையைப் பார்த்தார்.

"ஆர்வோ, ஒரு நிமிஷம் உக்காருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். இடுப்புத் தோல் இழுபட்டது. குறி நகர்ந்து, எலும்பு முட்டும் இடத்துக்கே வந்து நின்றது.

"இது உக்காந்தவர் மேல வரைஞ்சது. படுத்தா தோல் நழுவிடும். படுக்க வச்சுத் தொடைக்கிறவ இப்படி வரைஞ்சிருக்க முடியாது. அப்புறம் இந்த இலை. சௌனாவுல உடம்புல அடிச்சுக்க பிர்ச் மரத்து இலைக் கொத்து கட்டி ஃப்ரீசர்ல வைக்காத வீடு நம்ம ஊர்ல ஏது? இந்தப் பனியில பச்சை இலை அங்கருந்துதான் வரணும். வேர்வையில குறி அழிஞ்சிருக்கு. அவரைத் தூக்கி பெஞ்சுல உக்காரவைக்க வீட்டுல வேற ஆள் இல்ல. வரைஞ்சது நீங்கதான் அய்லா."

அய்லாவுக்கு அழுகை பீறிட்டது. "கடைசியா ஒரு சனிக்கிழமைன்னு கெஞ்சினார். குறி அழிஞ்சதுன்னா வைத்தியத்தையே நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன். இந்த வலியோட அவரை எப்படி வச்சிருப்பேன்?"

"சொல்லியிருந்தா புதுசா வரைஞ்சிருப்போம். அவ்வளவுதான்." மார்சிக்குக் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. "படுங்க ஆர்வோ, அளந்து வரையணும்."

கிழவர் படுக்கவில்லை. சிகிச்சை மேஜையின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்ப நானும் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன். ஏஜென்சிக்குப் போன் போடு. நாமதான் செஞ்சோம்னு சொல்லு. அப்புறம் படுக்கிறேன்."

"அப்பா, வலிக்குமே..."

"வலிக்குது. சீக்கிரம் போடு."