டிராகன் – காண்க: பறவைநாகம்

மழை காலையிலேயே ஆரம்பித்துவிட்டதா, அவள் கண் மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகுதான் பிடித்துக்கொண்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளைக் கேட்டால் காலையிலேயே என்கிறாள். அவரைக் கேட்டால் மத்தியானம் என்கிறார். நானும் இதைப் பலரிடம் சொல்லிச் சொல்லி, எது கேட்டது, எது நானாகச் சேர்த்தது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிட்டது. மழை பெய்தது. அதில் மட்டும் தகராறு இல்லை.

அவள் ஓர் அகராதி அலுவலகத்தில் உதவி ஆசிரியர். அங்கே ஆளுக்கு ஓர் எழுத்து. எழுத்தே பெயராகவும் ஒட்டிக்கொள்ளும். அவள் ‘ட மேடம்’. பல வருடங்களாகப் பொடி எழுத்தைப் பார்த்தும், வீட்டில் படுக்கையோடு கிடக்கும் அப்பாவுக்காகத் தூக்கம் கெட்டும், கண்கள் ஓய்ந்துபோயிருந்தன. மூடினால் மணல் உறுத்தும். திறந்தால் எரியும். சோர்வு என்ற சொல்லை அவளிடம் கொடுத்திருந்தால் பிரமாதமாகப் பொருள் எழுதியிருப்பாள். ஆனால் அது ‘ச சார்’ பங்குக்குப் போய்விட்டது.

நர்ஸ் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள். நீள பெஞ்சில் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துப் பதிப்பாசிரியரின் போன். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்தவர் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். ‘டிராகன்’ என்ற சொல்லுக்கு நேரே அவள் ‘காண்க: பறவைநாகம்’ என்று போட்டிருந்தாள். பறவைநாகத்தைப் புரட்டினால் ‘காண்க: டிராகன்’ என்றிருக்கிறது. பறவைநாகம் ‘ப சார்’ பங்கு. பொருளை அவர் எழுதுவார் என்று இவளும், இவள் எழுதுவாள் என்று அவரும்... வாசகன் இரண்டு பக்கத்துக்கும் நடந்தே செருப்புத் தேய வேண்டியதுதான் என்றார் பதிப்பாசிரியர்.

“என் தப்பு இல்ல சார்,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “அந்த ப சார் வீட்ல சாய்ஞ்சுக்கிட்டே வேலை பாக்குறவரு. கஷ்டமான சொல்லை அடுத்தவங்க தலைல கட்டுறதுன்னா அவருக்கு அல்வா சாப்பிடுற மாதிரி.”

போனை வைத்தாள். பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“சாயுறது இல்லைங்க... முதுகுவலி. நேராத்தான் உக்காரணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

இதுவரை நேரில் பார்க்காத ப சாரேதான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிக் கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் பாய்ந்து எல்லாம் வெளுத்தது... ஒரு சட்டை, அதற்கு மேலே கலங்கலாக ஒரு முகம். அவருக்கும் சொட்டு மருந்துதான் விட்டிருந்தார்கள். கதைகளில் முதல் பார்வை என்று ஒன்று வருமே, அது இவர்களுக்குப் பனிமூட்டமாக வாய்த்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இருவரும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். வெளியே தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நெடுநேரம் பேச்சில்லை... வீட்டில் மௌனம் என்றால் அடுத்து அப்பாவுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று பொருள். இந்த மௌனம் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

அந்த ஒரு சொல்லை இருவரும் சேர்ந்தே எழுதட்டும் என்று பதிப்பாசிரியர் தீர்த்துவிட்டார். மறுநாள் ப சார் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் அவரை ஒழுங்காகப் பார்த்தாள். பெரிய கண்கள் அல்ல. இமைகள் கொஞ்சம் தொங்கி, எதையும் அவசரமில்லாமல் பார்க்கும் கண்கள்... பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி, இனி யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை என்று வேலையை விட்டவராம். ஒண்டிக்கட்டை.

பிற்பகல்களில் வந்தார். நெருப்பைக் கக்கும் கதைப் பிராணி ஒரு பொருள். தீவுகளில் திரியும் பெரிய உடும்பு இன்னொன்று. முகப்பில் தலை செதுக்கிய துடுப்புப் படகு மற்றொன்று. பழத்துக்கும் அந்தப் பெயர் உண்டு என்று ஒன்றை வாங்கி வந்து மேசையில் வெட்டினார். வெளியே செதில் செதிலாக அத்தனை ஆர்ப்பாட்டம். உள்ளே சப்பென்று இருந்தது. அவள் அன்றைக்குச் சிரித்தாள் என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

வடவானில் வளைந்து கிடக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கும் அதே பெயர்தான். அதை அவள் உட்கார்ந்த உடனேயே எழுதி முடித்துவிட்டாள். ஆனால் அவர் கேட்டபோது, “இன்னும் சரியா வரல,” என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். சொல் முடிந்தால் அவர் வருவது நின்றுவிடும். எதையும் சீக்கிரம் முடித்து வீட்டுக்கு ஓடுகிறவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை இழுத்தடித்தாள்... அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்தது, யாரையும் அண்டவிடாத கடுகடுப்பான பெண் என்ற பொருள். எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனையாக எழுதக் கூடாது, யார் வாயிலிருந்தாவது காதால் கேட்டதாக இருக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. அவர் தான் சேகரித்து வைத்திருந்ததை வாசித்துக் காட்டினார்.

“‘டிராகன் வந்தாச்சு, அப்புறம் பேசுறேன்.’ நம்ம ஆபீசுக்கு போன் பண்ணப்ப ஒருநாள் கேட்டது. நல்லாயிருக்குல்ல?”

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

தினமும் காலையில் அவள் உள்ளே நுழையும்போது தட்டச்சுப் பெண் போனை வைப்பாள். ‘அப்புறம் பேசுறேன்’ என்ற வால் மட்டும் அவள் காதில் விழும். தலை இன்றுதான் கிடைத்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளிறியதைப் பார்த்து அவருக்கும் விஷயம் உறைத்தது.

“நல்ல வாக்கியம். அப்படியே இருக்கட்டும்,” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலையில் தனியாக உட்கார்ந்து எல்லாப் பொருளையும் முடித்து, அந்த வாக்கியத்தையும் சேர்த்தே பதிப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டாள். ப சார் இனி வர வேண்டியதில்லை என்று சொல்லியனுப்பினாள். தட்டச்சுப் பெண் வந்து அழுதாள். போய் வேலையைப் பாரும்மா என்றாள். கோபம்கூட வரவில்லை... இனி பிற்பகல்கள் பழையபடி நீளும் என்ற அலுப்புதான். வேண்டுமென்றே எழுதினாரா? தெரியாமல் எழுதியிருந்தாலும் இப்போது தெரிந்துவிட்டதே. தெரிந்த பிறகு எந்த முகத்தோடு வருவார்?

வந்தார். மழையில் தொப்பலாக நனைந்து, அலுவலக வாசலில் நின்றார். அவள் குடையை விரித்தவள் அப்படியே நின்றாள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது. போக வேண்டும். கால் நகரவில்லை.

“காதுல விழுந்தத எழுதினேன். யாரைப் பத்திச் சொல்றாங்கன்னு யோசிக்கல. அது என் தப்புங்க.”

“அவ சொன்னது பொய் இல்ல,” என்றாள். “அப்பா படுத்ததுலேர்ந்து யார் கிட்ட வந்தாலும் எரிஞ்சு விழுறேன். வந்தா அவங்களுக்கும் ஏதாவது செய்யணுமேன்னு பயம். கோவம்னு எல்லாரும் நினைக்கிறாங்க... களைப்புங்க. வெறும் களைப்பு.”

அவர் நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார். குடையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டியது.

“எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சமைப்பேன், துணி துவைப்பேன். அப்பாவைத் தூக்கி உக்கார வைக்கிறதுக்கு மட்டும் நீங்களும் ஒரு கை கொடுக்கணும்... முதுகு இருக்கே.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்த நட்சத்திரம்... சரியா வரலன்னு சொன்னேனே.”

“ஆமா.”

“உக்காந்த உடனே வந்துடுச்சு. நீங்க வராம போயிடுவீங்களேன்னுதான்... சொல்லல.”

அவர் அவளைப் பார்த்தார். இந்த முறை கண்ணில் மருந்து இல்லை, மூட்டம் இல்லை.

“எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றார். சத்தமாகப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தவர்தான்... மழையை மீறிக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். அவள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. தட்டச்சுப் பெண்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பதிப்பாசிரியர் அகராதி அச்சாகி வந்ததும் ஓய்வு பெற்றுத் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா அதன் பிறகு சில வருடங்கள் இருந்தார். மருமகன் கையால் சவரம் செய்தால்தான் ஒத்துக்கொள்வார். ப சாரின் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் மதியத்தில் கொஞ்சம் தூங்குகிறாள்.