லைனில் இருந்தவள்

"ஒரு மனுஷன் கையைத் தேச்சா உடனே நெஞ்சு வலியா? வாயைக் கழுவு!" என்றாள் மாமியார், மருமகளிடம்.

மாமனார் தட்டின் முன் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. ஆனாலும் நெற்றியில் வியர்வை.

"வியர்க்குது பாருங்க அத்தை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்..."

"வெறும் வாயு," என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

"ஆம்புலன்ஸ் நம்பர்ல போன் எடுக்குற வேலையில்ல? அண்ணி கண்ணுக்கு எல்லாருமே நோயாளிதான்," என்றாள் நாத்தனார். "நல்லவேளை, பொணவறையில வேலை கிடைக்கல!"

கணவன் சிரித்தான். பிறகு முறைத்தான். "ஆபீஸை வீட்டுக்குள்ள கொண்டுவராதேன்னு எத்தனை தடவை சொல்றது? கெளம்பு."

"நீங்களாவது ஒரு தடவை..."

"கெளம்புன்னேன்ல!"

கிளம்பினாள். பேருந்தில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்ததில் தாடை வலித்தது.

வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அது விதி. இன்னொன்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது: குரல் நடுங்கினால் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்து. அவள் வீட்டில் நடப்பது எதையும் அவள் குரலில் யாரும் இதுவரை கேட்டதில்லை. அன்று முதல் அழைப்பிலிருந்தே பாதங்களை அழுத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ஒரு அழைப்பு வந்தது.

"அப்பா... அப்பா விழுந்துட்டாரு! கண்ணு செருகிடுச்சு!"

நாத்தனார்.

"முகவரி சொல்லுங்க."

தெருப் பெயரை நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் இவள் விரல்கள் வீட்டு எண்ணையும் தட்டியிருந்தன. பின்னால் மாமியாரின் அலறல் கேட்டது.

"மூச்சு விடுறாரா?"

"இல்ல... ஐயோ, தெரியலையே!"

நான்தான் பேசுகிறேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்; பதற்றத்தில் நாத்தனாருக்கு இந்த ஆபீஸ் குரல் அடையாளம் தெரியவில்லை.

"வண்டி கெளம்பிடுச்சு. அவரை மல்லாக்கப் படுக்க வைங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்துங்க. வேகமா, பலமா. என்கூட எண்ணுங்க."

"என்னால முடியாது!"

"முடியும். நான் லைனை விட்டுப் போக மாட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

நாத்தனார் எண்ணினாள். அழுதுகொண்டே எண்ணினாள். சைரன் கேட்டது. ஆட்கள் உள்ளே ஓடிவரும் சத்தம் கேட்டது. லைன் துண்டிக்கப்பட்டது.

அவள் எழுந்து நின்றாள். கண்காணிப்பாளர் விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்தார். "மாத்து ஆள் வந்ததும் ஓடும்மா. இப்ப யாருமே இல்ல..." பலகையில் அடுத்த அழைப்பின் விளக்கு மினுங்கியது. உட்கார்ந்தாள். எடுத்தால் ஒரு பிரசவம். முகவரி கேட்டாள்.

மாற்று ஆள் வருவதற்கு மாலையாகிவிட்டது.

"வந்துட்டா மகாராணி!" ஆஸ்பத்திரி நடைவழியில் கணவன் கத்தினான். "எத்தனை தடவை போன் பண்ணினேன்? எங்கப்பன் சாகக் கிடக்கிறான்... உனக்கு ஆபீஸ் பெருசாப் போச்சு!"

"யாரோ ஒரு பொண்ணு," என்றாள் நாத்தனார். "முகம்கூடத் தெரியாது. அவ குரலைப் பிடிச்சுக்கிட்டுதான் அப்பாவை இழுத்துட்டு வந்தேன். அவ இல்லைன்னா அப்பா இல்லைன்னு டாக்டரே சொல்றாரு. நீங்களும் அங்கதான வேலை பாக்குறீங்க? மரக்கட்டை!"

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் பக்கம் போனாள்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் உள்ளே ஓடினாள். அதைப் பார்த்த மாமியாருக்கு மூச்சு வாங்கியது. கை விறைத்தது. மருமகள் சட்டென்று அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"என்னைப் பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. என்கூட எண்ணுங்க. நான் லைனை விட்டுப் போக மாட்டேன்."

அங்கே எந்த லைனும் இல்லை.

நாத்தனார் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்து உருண்டது.

"அண்ணி... அது நீங்களா?" ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஏன் சொல்லல? நான்தான்னு ஏன் அண்ணி சொல்லல?"

அவள் அந்தக் கைகளைப் பிரித்து விலக்கினாள்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? காலையில இதே வாய்தான சொல்லுச்சு? சிரிச்சீங்கல்ல! யாரோன்னு நினைச்சதாலதான் நான் சொன்னதை எல்லாம் செஞ்ச. நான்னு தெரிஞ்சிருந்தா எதிர்த்துப் பேசிட்டு நின்னிருப்ப. அதுக்குள்ள மாமா போயிருப்பாரு!"

குரல் நடுங்கியது. பாதங்களை அழுத்தவில்லை. நடுங்கட்டும் என்று விட்டாள்.

"ஏய், மெதுவா... எல்லாரும் பாக்குறாங்க," என்றான் கணவன்.

"பாக்கட்டும்!"

டாக்டர் வெளியே வந்தார். "கண்ணு முழிச்சிட்டாரு. வீட்டுக்காரங்க ஒருத்தர் உள்ள வரலாம்."

கணவன் நகர்ந்தான். மாமியார் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ உட்காரு." பிறகு மருமகளைப் பார்த்தாள். உதடு கோணியது. "நீ போம்மா... என்ன கேக்கணுமோ கேட்டுட்டு வா. நீ சொல்றபடி செய்யுறோம்."

அவள் கண்ணைத் துடைக்காமலே உள்ளே போனாள்.