சிவப்பு வந்தால் இடிக்கலாம்

கீழே கடையும் மாடியில் வீடுமான அந்தக் கடைவீட்டை நான் முதலில் பார்த்தது காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து. பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை, எதிரில் சலவைக் கடை. பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதும் இடிப்பதும்தான் என் தொழில். இருபது வருடத்தில் நான் பயந்தது கரையானுக்கு மட்டும்தான்.

வீடு அண்ணன் தங்கை இருவருக்கும் பொது. அண்ணன் சிதம்பரத்துக்கு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். தங்கை தெய்வானைக்குப் பழுது பார்த்தால் போதும். கணவர் இல்லை, தீபாவளிக்குள் வாடகை பிளாட்டைக் காலி செய்தாக வேண்டும், போக வேறு இடமில்லை. என்னைக் கேட்டார்கள். சுவர் தாங்கும், இடித்தாலும் தப்பில்லை என்று இரண்டு பக்கமும் தலையாட்டினேன். கடைசியில் பூப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

மாடியில் சாமியறை. படங்களெல்லாம் எப்போதோ பாயான் பாருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டன. ஆணிகள் மட்டும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, உட்கார்ந்த ஆள் தலை சாய்க்கும் உயரத்தில், ஒரு எண்ணெய்க் கறை. தொட்டால் ஈரம். அறை முழுக்கத் தலைக்கு எண்ணெய் வைத்த வாடை.

கோயிலில் கேட்கலாமே என்றேன்.

"சாமி இருந்த இடந்தானே லா," என்றார் சிதம்பரம்.

அங்கே இப்போது யாரிடம் கேட்கிறோம் என்று மூன்று பேரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளை அரளி வந்தால் பழுது பார்ப்பது, தெய்வானை குடியேறுவது. சிவப்பு வந்தால் இடிப்பது. என் கண் முன்னால்தான் தங்கை வெள்ளையையும் அண்ணன் சிவப்பையும் ஆளுக்கொரு வெற்றிலையில் வைத்து மடித்துக் குலுக்கிப் போட்டார்கள். வெளி ஆள் என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வெள்ளை.

தெய்வானை அழுதுவிட்டார். சிதம்பரம் மறுத்துப் பேசவில்லை, உத்தரவு உத்தரவுதான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். குப்பையை அள்ளும் சாக்கில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு கெட்ட புத்தி. வண்டியில் உட்கார்ந்து பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெய்வானையின் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுபடி சண்டை வந்தால் கைக்கு வந்த வேலை போய்விடும் என்பதுதான் உண்மை.

கறை இருந்த பூச்சைக் கொத்தியெடுத்துப் புதுச் சுண்ணாம்பு பூசினோம். மறுநாளே கறை வந்துவிட்டது. மூன்று தடவை பூசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். தீபாவளிக்கு முன் தெய்வானை குடியேறினார்.

போன வாரம், மழைக்குக் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். வாசல் கதவு திறந்தே கிடந்தது. படியேறும்போதே அந்த வாடை.

தெய்வானை கறையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பூக்கடையிலிருந்து தினமும் வரும் அரளித் தட்டு பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் வாடிய வெற்றிலைப் பொட்டலங்கள்.

"தெனமும் கேக்கறேன் தம்பி," என்றார் மெதுவாக. "சிவப்பு வந்தா வெளிய போலாம்னு. வரமாட்டேங்குது."

கதவு திறந்துதான் இருக்கிறது, எழுந்து வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மறு கையை யாரோ பிடித்திருப்பது போல் இருந்தது.

தட்டிலிருந்து இரண்டு சிவப்பு அரளியை எடுத்தேன். இரண்டு வெற்றிலையிலும் சிவப்பையே வைத்து நானே மடித்தேன்.

"இப்ப எடுங்கக்கா."

எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

மற்றதை நான் பிரித்தேன்.

வெள்ளை.

தெய்வானை என்னையே பார்த்தார். "அன்னிக்கு ரெண்டாவதையும் பிரிச்சுப் பாத்தீங்களாமே. ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

படிகளில் இறங்கி ஓடினேன். சிதம்பரத்தைக் கூட்டி வர வேண்டும், ஆள் சேர்த்துத் தூக்கியாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பூட்டியிருந்த வண்டியைத் திறந்தேன்.

என் இருக்கையில் இரண்டு சிவப்பு அரளி, ஈரத்தோடு.

போகலாம் என்று எனக்கு உத்தரவு.

நான் போய்விட்டேன்.