வழி கேட்டவன்

மலைச்சரிவின் உச்சியில் லேத் பட்டறைக்காரர் சைக்கிளை நிறுத்தியபோது காலை ஏழு மணி. மூடுபனி விலகவில்லை. மக்கிய சருகின் நெடி மூக்கில் ஏறியது. கீழே, முடிவுக் கோட்டில், அவர் மனைவி ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறாள். போனில் அவள் "ம், கிளம்புங்க" என்றால் கிளம்ப வேண்டும்.

நாலு நிமிடத்துக்குள் இறங்கினால்தான் பெரிய போட்டியில் பெயர் சேர்ப்பார்கள். நாற்பதை நெருங்குகிற மனிதருக்கு இதைவிட்டால் வேறு வருடம் கிடையாது. போன வருடம் வரை நாலு முப்பத்தைந்து. தலைகீழாக நின்றும் ஒரு விநாடி குறையவில்லை. இந்த மூன்று மாதத்தில் நாலு இருபது, நாலு பத்து, போன ஞாயிறு நாலு மூன்று.

"அப்படி என்னத்தைய்யா தின்னுறே? எங்களுக்கும் கொஞ்சம் குடு" என்று சைக்கிள் கிளப்காரர்கள் கேலி செய்தார்கள்.

அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார். வேறென்ன செய்வார், பாவம். பின்னால் ஒருத்தன் துரத்துகிறான், அதனால்தான் வேகம் என்று யாரிடம் சொல்வது?

முதலில் சத்தம் மட்டும்தான். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் டிக்டிக்கென்று அடிக்குமே, அது. ஆனால் அவர் மூச்சுமுட்ட மிதிக்கும்போதும் அது கேட்டது. பிரேக் பிடித்தால் நெருங்கி வந்தது. அதனால் பிரேக்கைத் தொடுவதையே விட்டுவிட்டார். டைம் குறைந்தது அப்படித்தான்.

அப்புறம் குரலும் வந்தது.

போன வருடப் போட்டியில் அவருக்கு ஒரு நிமிடம் கழித்துக் கிளம்பியவன் அவர் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. அந்தத் தடத்தில் ஒரு சைக்கிள்தான் போக முடியும். பின்னால் வருகிறவன் எட்டிப் பிடித்து "வழி" என்றால் முன்னால் போகிறவன் ஒதுங்க வேண்டும், அதுதான் முறை. அவன் மூன்று தடவை கேட்டான். இவர் ஒதுங்கவில்லை. நேற்று முளைத்தவன் என்னைத் தாண்டுவதா என்கிற வீம்பு. கடைசி வளைவில் ஓரமாக முந்தப் பார்த்தவன் பள்ளத்தில் போனான்; உயிரோடு திரும்பவில்லை.

'அவன் கூப்பிட்டது என் காதில் விழவில்லை' என்று விசாரித்தவர்களிடம் சொன்னார். மேலே தொடக்கக் கோட்டில் நின்றிருந்த மனைவியிடமும் அதையே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அவளும் நம்பினாள்.

"ம், கிளம்புங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாய்ந்தார். வேர்கள் தடதடத்தன, கற்கள் தெறித்தன. பாதி தூரத்தில் ஆரம்பித்தது.

டிக். டிக். டிக்.

பிடரியில் ஈர மூச்சு பட்டது.

"மாமா, வழி."

இன்றைக்கு ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். டைம் போனால் போகட்டும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். கடைசி வளைவு வந்தது. அங்கிருந்து முடிவுக் கோடு கூப்பிடு தூரம்தான்; பனியில் எதுவும் தெரியவில்லை.

"மாமா, வழி."

பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கினார்.

"மாமா, வழி."

சரிவின் உள்பக்கமாக ஒதுங்கி, சைக்கிளை மண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"போடா மச்சான்," என்றார் கிசுகிசுப்பாக. "வழி விட்டுட்டேன். போயிடு."

யாரும் கடந்து போகவில்லை.

டிக்டிக்கும் நின்றுவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"இனி எனக்கு எதுக்கு மாமா? நீங்க போங்க. நான் பின்னாடியே வர்றேன்."

எப்படி ஏறினார், எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தார்.

மனைவி அவரைத் தூக்க வரவில்லை. அவள் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என் தம்பி குரல் கேட்டுச்சுங்க," என்றாள். "அந்த வளைவுல. மூணு தடவை வழி கேட்டான்."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு தூரத்துல நிக்கிற எனக்கே கேட்டுச்சு. அன்னைக்கும் கேட்டானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் இப்போது அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, தடம் முடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

"கொஞ்சம் நகருங்க," என்றாள் மெதுவாக. "அவன் உங்களுக்குப் பின்னாடி நிக்கிறான்."